பூக்காரம்மா கட்டும் வரி

கேள்வி: மாதச் சம்பளக்காரன்தான் இந்த நாட்டில் வரி கட்டுகிறான். வரியே கட்டாத கோடிக்கணக்கானவர்களை வரி வலைக்குள் கொண்டுவருவதுதானே உண்மையான வரிச் சீர்திருத்தம்?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வரியே கட்டாதவர்களா? ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் உதிரி மல்லி வாங்கிவந்து, கட்டி, முழம் போட்டு விற்கும் அம்மாவைச் சொல்கிறீர்களா? அவர் 200 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 30 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. கோடீஸ்வரர் செய்தாலும் அதே 30 ரூபாய்தான். அவருக்கு அது கண்ணிலேயே படாது. இந்த அம்மாவுக்கு அது அன்றைய காய்கறிச் செலவு. அவரவர் சக்திக்கு ஏற்றபடி வரி என்பதுதான் 1776இல் ஆடம் ஸ்மித் வைத்த முதல் விதி. அந்த விதியை வைத்துப் பார்த்தால், நம் நாட்டில் அளவுக்கு மேல் கட்டுகிறவர் பூக்காரம்மாதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வருமான வரி கிடையாது. உங்கள் சம்பளம் அதற்குள் இருந்தால், உங்கள் கணக்குப்படி நீங்களும் வரி கட்டாதவர்தான். அப்படி உங்களை ஒருவர் பத்திரிகையில் எழுதினால் கோபம் வராதா?

ஒரு வரியை எடைபோடும்போது, கடைசியில் அது யார் பையிலிருந்து போகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மதுரைக்காரருக்கு இதை விளக்க பரோட்டாக் கடையை விட நல்ல இடம் கிடையாது. தெருவோரக் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. பில்லும் கிடையாது, பில்லில் வரியும் கிடையாது. ஆனால் அந்த அண்ணாச்சி வாங்கும் வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம், எண்ணெய்க்கு 5 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும். பதிவு இல்லாததால் கட்டியதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அவர் என்ன செய்வார்? பரோட்டா விலையில் ஏற்றுவார். சால்னா ஊற்றும்போது வரியும் சேர்ந்தே இலையில் விழுகிறது. சாப்பிட்டுவிட்டுப் போகும் சுமைதூக்கும் தொழிலாளி வரி கட்டாதவராம்!

பரோட்டா என்றதும் அந்தப் பழைய வழக்கைச் சொல்லாமல் விட மனசில்லை. பாக்கெட்டில் வரும் பரோட்டா சப்பாத்தி வகையில் சேராது, அதற்கு 18 சதவீதம் என்று 2020இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் (எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஜிஎஸ்டி என்று கேட்பவருக்கு முன்கூட்டியே சொல்லும் அமைப்பு) சொன்னது. சப்பாத்திக்கு அப்போது 5 சதவீதம். 2024இல் கேரள உயர் நீதிமன்றம் பரோட்டாவுக்கும் 5 போதும் என்றது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் இரண்டுக்கும் வரியே இல்லை என்று முடித்துவைத்தது. இது ரொட்டியா, ரொட்டி மாதிரியா என்று ஐந்து வருடம் படித்தவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்! நம் ஊர் ராத்திரிக் கடைகளின் பட்டியலைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொத்து பரோட்டா, பன் பரோட்டா, முட்டை வீச்சு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு கேட்டிருந்தால், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் கடைசி வாய்தா முடியும். ஒரே மாதிரியான பொருளுக்கு ஒரே வரி என்பது பால பாடம். விகிதங்கள் பெருகப் பெருக, உற்பத்தியில் செலவாக வேண்டிய மூளையும் பணமும் வகைப்பாட்டு வழக்கில் கரைகின்றன. அந்தக் கவுன்சில் விகிதங்களின் எண்ணிக்கையைக் குறைத்ததை நான் மனசார வரவேற்கிறேன்.

சரி, வலைக்கு வருவோம். வலையை எந்தப் பக்கம் வீசுவது? எனக்கும் ஆடிட்டர் நண்பர் ஒருவருக்கும் இதில் தீராத சண்டை. வாரிசுகளுக்குப் போகும் சொத்தின் மீதான வரியை 1985இல் எடுத்தார்கள். 1957இல் வந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். வசூல் அற்பம், வசூலிக்கும் தொல்லை பெரிது, ஒழிந்தது நல்லதுதான் என்பார் நண்பர். வசூல் ஏன் அற்பமானது? 1993 முதல் பங்குகள் போன்ற நிதிச் சொத்துகளைச் செல்வ வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். பெரும் பணக்காரரின் செல்வம் பங்குகளில்தானே இருக்கிறது? அதை விட்டுவிட்டு நகை, கார், காலி மனை என்று தேடினால் எவ்வளவு தேறும்? அடித்தளத்தை வெட்டி எடுத்தவர்களே அப்புறம் வசூல் இல்லை என்று காரணம் சொன்னார்கள். நண்பர் இதற்கு இன்று வரை பதில் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தில் நான் சாராய வருமானத்தைப் பற்றி எழுதாத மாதமே இல்லை என்று சில வாசகர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இந்த மாதமும் எழுதுகிறேன். இந்த மண்ணில் விற்பனை வரி எப்படி வந்தது தெரியுமா? 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார் ராஜாஜி. மற்ற மாவட்டங்களுக்கும் அதைக் கொண்டுபோக, கள்ளுச் சாராய வருமானத்தின் இழப்பை ஈடுகட்ட வேண்டியிருந்தது. அதற்காக 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். சாராயக் காசு வேண்டாம், அதற்குப் பதிலாக இந்த வரி என்பதுதான் மக்களோடு செய்த பேச்சு. இன்று பொருளுக்கும் வரி வாங்குகிறோம், சாராயமும் விற்கிறோம். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கெட்ட பழக்கத்துக்கு வரி போட்டால் பழக்கம் குறையும் என்று பொருளியல் சொல்கிறது. ஆனால் அடிமையானவர் விலை ஏறினாலும் குடியைக் குறைப்பதில்லை, வீட்டுக்குக் கொடுப்பதைத்தான் குறைக்கிறார். அந்த 45,000 கோடியில் பெரும்பகுதி, நீங்கள் வரி கட்டாதவர்கள் என்று சொன்ன வீடுகளின் சோற்றுக் காசு.

சாராயத்திலிருந்து வரும் பங்கை ஆண்டுக்கு இவ்வளவு குறைப்போம், அந்த இடத்தை இன்ன வரியால் நிரப்புவோம் என்று ஒரு நிதியமைச்சர் பட்ஜெட்டில் எழுதட்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், முதல் ஆளாக இந்தப் பக்கத்தில் பாராட்டி எழுதுவேன்.