கோட்டில் முதலில் போவது சிப்தான்: குளிர் ஜக்கெட் கேள்வி பதில்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 20 வருசத்துக்கு மேலாக உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கோடையில் கலியாண உடுப்பு, சேலைச் சட்டை. ஒக்டோபர் பிறந்தால் ஜக்கெட்தான்: சிப் போனது, கை கிழிந்தது, தூவி கொட்டுவது. திருத்தக் கொண்டுவருகிறவர்கள் போகும்போது கேட்பது, "அக்கா, அடுத்தது எதை வாங்கட்டும்?" இந்த வருசம் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே. விலை எல்லாம் கனடா டொலரில், வரிக்கு முன்.

கேள்வி: அக்கா, நான் கோயம்புத்தூர். ஜனவரில ரொறன்ரோல காலேஜ் தொடங்குது. ஜாக்கெட் இங்கேயே வாங்கிட்டு வரவா, அங்க வந்து வாங்கவா? பட்ஜெட் ரொம்பக் கம்மி.

முதலில் ஒன்று. இங்கே ஜக்கெட் என்றால் குளிருக்குப் போடுவது. போன வருசம் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று "ஜாக்கெட் டைட் பண்ணணும்" என்று ஃபோனில் சொல்ல, நான் பார்காவை, அதாவது தொப்பி வைத்த தடித்த குளிர் கோட்டை, எதிர்பார்த்திருந்தேன். அவள் பட்டுச் சேலை பிளவுஸோடு வந்து நின்றாள்.

பாரமான கோட்டை அங்கே வாங்காதீர்கள். உங்கள் பக்கத்துக் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் மணாலிக்கு ஒரு வாரம் போகிறவர்களுக்கானவை. இங்கே நாலு மாதம், நாள்தோறும், பஸ் தரிப்பில் நிற்க வேண்டும். உள்ளே போடும் தெர்மல் இரண்டு சோடி, ஒரு ஃபிளீஸ், காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி ஒன்று கொண்டுவாருங்கள், போதும். தெர்மல் பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரும். பொலியெஸ்டர், முடிந்தால் மெரினோ கம்பளி.

விமான நிலையத்துக்குக் கூட்ட வருபவரிடம் ஒரு பழைய கோட் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே ஆர் வீட்டு அலுமாரியிலும் ஒன்று சும்மா தொங்கும். டிசம்பர் 26 பொக்சிங் டே மலிவு முடிந்து, மிஞ்சியதை ஜனவரிக் கடைசியில் கடைக்காரர் இன்னும் இறக்குவார்கள். மீடியம் சைஸ் மட்டும் கெதியாக முடிந்துவிடும். முதல் வருசத்துக்கு 120 முதல் 200 டொலர் வரை வைத்துக்கொண்டு கொஸ்கோ, மார்க்ஸ், வின்னர்ஸ் என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கோட் 800 ஃபில் பவர், 400 டொலர். இன்னொன்று 600, விலை 180. கூடக் குடுக்கிற 220க்கு அவ்வளவு சூடு வருமா?

வராமலும் போகலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடையில் கூடுதலாக ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் கோட்டுகளுக்குள் அடைத்திருப்பது டவுன். அது வாத்தின் நெஞ்சுப் பக்கம், இறகுக்கு அடியில் இருக்கும் தூவி. அன்னத் தூவி மெத்தை என்று பழைய பாட்டில் வருமே, அதே சாமான். இறகுக்கு நடுவில் தண்டு இருக்கும், தூவிக்கு இராது. எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைக் கையில் பிடித்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. கோட் தானாகச் சூடு தருவதில்லை. உங்கள் உடம்புச் சூட்டை அசையாத காற்றுக்குள் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தூவி எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு காற்று அதற்குள் நிற்கும்.

ஃபில் பவர் என்பது அந்தப் பொங்குதலின் அளவு: ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குலத்துக்கு விரிகிறது என்று. 600 என்றால் 28 கிராம் கிட்டத்தட்ட 10 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். ஆனால் கோட்டுக்குள் எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள்? அதைப் பல கடைகள் பெரிய எழுத்தில் போடுவதில்லை. 800இல் 100 கிராம் போட்டால் 46 லீற்றர். 600இல் 250 கிராம் போட்டால் 87 லீற்றர். மலிவானது பாரமாக இருக்கும், சூடும் அதுதான் கூட. மலை ஏறுகிறவருக்குப் பாரம் முக்கியம். கெனடி ஸ்ரேசனில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு என்ன?

ஆகவே கிராமைத் தேடுங்கள். எழுதியில்லாவிட்டால் நெஞ்சுப் பகுதியை இரண்டு விரலால் நுள்ளிப் பாருங்கள். இரண்டு துணியும் உடனே தொட்டுக்கொண்டால் உள்ளே ஒன்றும் இல்லை. தோள்மூட்டையும் நுள்ளுங்கள். நெஞ்சில் நிறைத்து, தோளில் கஞ்சத்தனம் பண்ணிய கோட்டுகள் எத்தனையோ என் மேசையில் பிரிந்து கிடந்திருக்கின்றன.

கேள்வி: "மைனஸ் 30 வரை" என்று அட்டையில் போட்டிருக்கு. நம்பலாமா?

அந்தந்தக் கம்பனி தானே போடும் கணக்கு அது. நடக்கிறவருக்கா, நிற்கிறவருக்கா, உள்ளே என்ன போட்டவருக்கு என்று அட்டை சொல்லாது. ஒரே கம்பனியின் இரண்டு கோட்டை ஒப்பிட மட்டும் உதவும்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பநிலை மைனஸ் 10, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. அதனால் நான் அட்டையை விட்டுவிட்டுக் காற்று நுழையும் ஓட்டைகளைப் பார்ப்பேன்: கைமுனையில் உள்ளே இன்னொரு இறுக்கமான கை இருக்கிறதா, சிப்புக்கு மேல் மூடும் துணிப்பட்டி இருக்கிறதா, கழுத்து நாடி வரை வருகிறதா, தொப்பி தலையைத் திருப்பும்போது கூடத் திரும்புகிறதா. நீளம் தொடையை மூடட்டும்.

நான் வந்தது 1998 நவம்பரில். பார்க்க வடிவாக இருக்கிறது என்று கடையொன்றில் நீளக் கம்பளிக் கோட் எடுத்தேன். இழைக்குள்ளாலும் பட்டன் இடைவெளிக்குள்ளாலும் காற்று வந்து வயிற்றைத் தொட்டது. அடுத்த ஜனவரியில்தான் ரொறன்ரோ மேயர் பனி அள்ள ஆமியைக் கூப்பிட்டார். "ஆமி வருதாம்" என்று ரீவியில் கேட்டதும் அம்மம்மா எழும்பிக் கதவைப் பூட்டிவிட்டா. பனி அள்ளத்தான் வருகிறார்கள் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது.

கேள்வி: நான் சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்றேன். டவுன் ஜாக்கெட் வாங்கினேன், உள்ள நனைஞ்சு போய் குளிருது. ஜாக்கெட் டூப்ளிகேட்டா?

இல்லை தம்பி, வேலைக்குப் பொருந்தாத ஜக்கெட். மிதிக்கும்போது வேர்க்கும். தூவி ஈரமானால் கட்டிபட்டுப் பொங்காது, பொங்காவிட்டால் சூடும் இல்லை. உங்களுக்குத் தேவை மூன்று படை: உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் தண்ணியும் புகாத மேலங்கி. அக்குளுக்குக் கீழே சிப் வைத்த மேலங்கி கிடைத்தால் விடாதீர்கள், ஏற்றத்தில் திறந்துவிடலாம். வாசலில் காத்து நிற்கும் ஐந்து நிமிசத்துக்குப் பெட்டிக்குள் ஒரு மெல்லிய செயற்கைப் பஞ்சு ஜக்கெட். வாங்கிய டவுனை எறிய வேண்டாம், வேலையில்லாத நாளுக்கு அதுதான் சுகம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மாமி டிசம்பரில் வாறா. மூன்று மாதம் நிற்பா. சேலைதான் கட்டுவா. 70 வயது. என்ன வாங்குறது?

மாமிக்குப் பாரம் குறைந்தது, கணுக்கால் வரை வேண்டாம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. சிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காரில் இருக்கும்போது கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிட்டால்தான் சேலை சுருளாது. தோள்மூட்டு நோ இருந்தால் தலையால் போடுவதெல்லாம் சரிவராது. கைத்துளை அகலமாக, உள்துணி வழுக்குவதாக இருக்கட்டும்.

கோட்டைவிட முக்கியம் கீழே. பனி உருகி உப்போடு கலந்த அந்தச் சேற்றில் சேலைக்கரை ஊறினால் வீடு வரும்வரை குளிரும். சேலைக்குள் தடித்த லெகிங்ஸ், கால் வழுக்காத சப்பாத்து. மாமிக்குச் சொல்லிப் பாருங்கள், முதல் நாள் மறுப்பா, இரண்டாம் நாள் தானே கேட்பா. மூன்று மாதத்துக்குப் புதிதும் தேவையில்லை. சித்திமாரிடம் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். வாத்துத் தூவி போட மனம் வரவில்லை. வேறு வழி இருக்கா?

இருக்கிறது, தாராளமாக. தூவி பெரும்பாலும் இறைச்சிக்கு வளர்க்கும் வாத்திலிருந்து வருவது. தூவிக் கோட்டில் இருக்கும் ஆர்டிஎஸ் (RDS) என்ற முத்திரை உயிரோடு பிடுங்கவில்லை என்பதற்கு, கொல்லவில்லை என்பதற்கு அல்ல. தின்சுலேட், பிறைமாலொஃப்ட் மாதிரியான செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு சூடு வைத்திருக்கும், விலையும் குறைவு. குறை என்னவென்றால், அதே சூட்டுக்குப் பாரம் கூட, நாலைந்து வருசத்தில் அமுங்கிப் போகும். ஈரப்பனி கூடின ரொறன்ரோவுக்கு நான் அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். நான் போடுவதும் அதுதான். தொப்பியோரத்து மயிரையும் பாருங்கள், மலிவுக் கடைகளில் இருப்பது அநேகமாகச் செயற்கை.

கேள்வி: வல்யூ வில்லேஜில் பழைய கோட் வாங்கலாமா? எப்படிப் பார்த்து எடுப்பது?

வாங்கலாம். நல்ல கோட்டுகள் 40, 50 டொலருக்கு அங்கே தொங்குவதைக் கண்டிருக்கிறேன்.

சிப்பில் தொடங்குங்கள். கோட்டில் முதலில் போவது அதுதான். பத்துத் தரம் ஏற்றி இறக்குங்கள். பூட்டிய பிறகு நடுவில் வாய் பிளந்தால் பயப்பட வேண்டாம். பல் நன்றாக இருந்தால் பிழை ரன்னரில்தான், அதாவது ஏற்றி இறக்கும் அந்தத் தலையில். றோட்டு உப்புப் பட்டு அது அரிபட்டுத் தளர்ந்துவிடும். ரன்னர் மட்டும் மாற்ற நான் 10 டொலர் எடுப்பேன். ஒரு பல் விழுந்திருந்தால் சிப் முழுக்க மாற்ற வேண்டும், 45. அப்போது 40 டொலர் கோட் 85 டொலர் ஆகிறது, யோசியுங்கள். பிளாஸ்டிக்கில் பருத்த பல் வைத்த சிப் நெடுநாள் உழைக்கும். சுருள் நூல் மாதிரி நெருக்கமான பல் என்றால் மூடுபட்டியைக் கவ்விக்கொண்டே இருக்கும்.

பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தையல் அறைகளில் மேல்பாதி வெறுமையாக, கீழ்ப்பாதி உருண்டையாக இருந்தால் தூவி கட்டிபட்டுவிட்டது. ஒரு பிடி கசக்கி விடுங்கள், திரும்பப் பொங்க வேண்டும். கழுத்தையும் அக்குளையும் மணந்து பாருங்கள், வெட்கப்படாமல்.

தையலில் தூவி எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள். ஒன்றை இழுத்தால் அது தன் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வரும். பின்பக்கத்துத் துணியோடு சேர்த்துத் தூவியைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, ஓட்டையை விரலால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: இவருக்குக் கனடா கூஸ்தான் வேணுமாம். நான் தேவையில்லை என்கிறேன். யார் சரி?

குடும்பத்துக்குள் என்னை இழுக்காதீர்கள். 1957இல் சாம் டிக் என்பவர் ரொறன்ரோவில் சின்னதாகத் தொடங்கிய கம்பனி. தையல் சுத்தம், நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய பார்கா 1,500க்கு மேல் போகும். அது ஆர்க்டிக் வேலைக்குச் செய்த கோட். உங்கள் கணவர் வீட்டுக் கராஜில் கார் ஏறி, வேலைத்தலக் கராஜில் இறங்குகிறவர் என்றால் அதற்குள் அவிந்து போவார். ஆசைக்கு வாங்கட்டும், தேவைக்கு என்று மட்டும் சொல்ல வேண்டாம். கார்க்காரருக்கு இடுப்பளவுக் கோட் 150 டொலரில் காணும்.

கேள்வி: நாலு வயதுப் பிள்ளை. ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?

ஒரு சைஸ் சரி, இரண்டு வேண்டாம், கீழால் காற்று ஏறும். கை நீளத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துத் தருவேன், அடுத்த வருசம் நூலைப் பிரித்துவிடலாம். ஒன்றாரியோவில் பிள்ளை உடுப்புக்கு 13 வீதம் இல்லை, 5 வீதம்தான் வரி. பில்லைப் பாருங்கள்.

கார் ஆசனத்தில் தடித்த கோட்டோடு பட்டி போடாதீர்கள். மோதினால் கோட் அமுங்கி, பட்டி தளர்ந்துபோகும். கோட்டைக் கழற்றிப் பட்டியை இறுக்கிவிட்டு, மேலே போர்த்துவிடுங்கள்.

கேள்வி: வேலை மாற்றம். நான் வினிப்பெக், தம்பி வன்கூவர். ரொறன்ரோ கோட் போதுமா?

வன்கூவருக்குக் கூடிப்போகும். அங்கே மழை, தண்ணி புகாத மேலங்கியும் ஃபிளீஸும் காணும். வினிப்பெக்குக்குப் போதாது. ஜனவரி இரவு சாதாரணமாகவே மைனஸ் 20. அங்கே போய் அங்குள்ள கடையில் வாங்குங்கள்.

கேள்வி: டவுன் கோட்டை வீட்டில் தோய்க்கலாமா? டிரை கிளீனிங் காசு கூட.

தோய்க்கலாம். முன்கதவு மெசினில், சவர்க்காரம் பாதி, துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். முறுக்கிப் பிழியாதீர்கள். டிரையரில் குறைந்த சூட்டில் மூன்று ரெனிஸ் பந்தோடு போடுங்கள். பந்து அடித்து அடித்துக் கட்டியை உடைக்கும். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், இரண்டு மூன்று தரம் ஓட வேண்டும். மெசினில் போடுமுன் கோட்டுப் பைகளைப் பாருங்கள்.

கேள்வி: பழைய கோட்டை என்ன செய்வது? ஊருக்கு அனுப்பவா?

யாழ்ப்பாணத்தில் அதைப் போட்டுக்கொண்டு யார் திரிவது? கப்பல் காசுதான் வீண். சிப் வேலை செய்தால் என் கடைக்குக் கொண்டுவாருங்கள், வாசலில் ஒரு கம்பி இருக்கிறது. புதிதாக வந்த மாணவர்கள் எடுத்துப் போவார்கள். போன மாதம் ஒரு பிள்ளை நாவல் நிறக் கோட் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்துக் கையை உள்பைக்குள் விட்டது. இரண்டு ரீரீசி ரோக்கன், முந்தி ரொறன்ரோ பஸ்ஸுக்குப் போட்ட வில்லை. ரோக்கன் விற்பதை 2019இலேயே நிறுத்திவிட்டார்கள். "இது என்ன காசு, அக்கா?" என்று கேட்டது.