“கார்ட்டூன் என்றால் அசையாமல் உட்காருகிறானே, டாக்டர்!”

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் உட்காருவதே இல்லை என்கிறார் ஆசிரியர். வாரம் ஒரு பென்சில் பெட்டி தொலைகிறது. பத்து வரி எழுத இரவு 7 மணிக்கு உட்கார்ந்தால் 10 ஆகிவிடுகிறது. மருத்துவமனையில் ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “நீ கொடுத்த செல்லம்” என்கிறார் மாமியார். “நானும் சின்ன வயதில் இப்படித்தான், மாத்திரை வேண்டாம்” என்கிறார் கணவர். கார்ட்டூன் என்றால் மட்டும் இரண்டு மணி நேரம் அசையமாட்டான். மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடுவானா? அதற்கு அடிமையாகிவிடுவானா?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, அந்தக் கார்ட்டூனிலிருந்தே தொடங்குகிறேன். என் கிளினிக்குக்கு வரும் வீடுகளில் பாதிச் சண்டை அதை வைத்துத்தான். “அதைப் பார்க்க முடிகிறது, எழுத முடியாதா? கொழுப்பு!” கார்ட்டூனில் சில விநாடிக்கொரு முறை படமும் சத்தமும் மாறுகின்றன, கவனத்தை அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வெற்றுத் தாளுக்கு முன்னால் அந்த வேலையைப் பிள்ளையே செய்தாக வேண்டும். இந்தப் பிள்ளைகள் இடறுவது அங்கேதான். செல்லத்தாலோ, சீனியாலோ, மைலோவாலோ இது வருவதில்லை. பரம்பரையின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு வரை என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. “நானும் இப்படித்தான்” என்று சொல்லி, உங்கள் கணவர் தமக்கே தெரியாமல் மருத்துவர் பக்கம் சேர்ந்துவிட்டார்!

சரி, மாத்திரை. உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் மெத்தில்பெனிடேட்டாக இருக்கும். ரிட்டலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் வருவது இதுதான். இது தூக்க மருந்து இல்லை. குறுகிய நேர வகை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். காலை 7 மணிக்குக் கொடுத்தால் பள்ளி நேரத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். நீண்ட நேர வகை 12 மணி நேரம் வரை தாங்கும். அதை மெல்லாமல் விழுங்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பிள்ளை சிரிப்பில்லாமல், பொம்மை மாதிரி இருந்தால் அளவு கூடிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்ன அளவில் வாய்வழியாகக் கொடுக்கும்போது பொதுவாகப் பிள்ளைகள் அடிமையாவதில்லை. ஆனால் இது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து, அலமாரியில் பூட்டி வையுங்கள்.

நீங்கள் பெரும்பாலும் பார்க்கப் போவது பசிக் குறைவு. பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய நாசி லெமாக் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வரும். இரவு எட்டு மணிக்கு அதே பிள்ளை “அம்மா, பசிக்குது” என்று அடுப்படியில் வந்து நிற்பான். அதனால் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை உணவு, இரவில் இன்னொரு நல்ல சாப்பாடு. தூக்கம் தள்ளிப்போகலாம், தலைவலி, வயிற்றுவலி வரலாம். எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை அவ்வப்போது பார்ப்பார்கள். குடும்பத்தில் இளவயதில் இதயக் கோளாறு யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்டொமொக்செட்டின் என்ற வேறொரு மருந்து இருக்கிறது. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இவ்வளவும் கொடுத்தாலும் அந்தப் பத்து வரி தானாகக் குறையாது. குறுகிய நேர மாத்திரை என்றால் மாலைக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். 7 மணிக்குக் களைத்த பிள்ளையும் களைத்த அம்மாவும் உட்கார்ந்தால் அழுகைதான் மிச்சம். பள்ளி விட்டுச் சாப்பிட்டு, கொஞ்சம் ஓடியாடிய பிறகு தொடங்குங்கள். நான்கு வரி எழுதட்டும், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், அப்புறம் மூன்று வரி, மறுபடி மூன்று வரி. “பையை எடுத்து வை, சட்டையை மாற்று, புத்தகத்தை எடு” என்று அடுக்காமல், முகம் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். செய்தவுடனே பாராட்டுங்கள், வார இறுதியில் தரும் பரிசு அவனுக்கு வெகு தூரம். இதை முறையாகக் கற்றுத்தரும் பெற்றோர் பயிற்சி உண்டு, மருத்துவமனையில் கேளுங்கள்.

ஆசிரியரிடம் மறைக்க வேண்டாம். முன் வரிசை, சன்னலைவிட்டுத் தள்ளிய இடம், நடுவில் எழுந்து வெண்பலகை துடைக்க ஒரு வாய்ப்பு கேளுங்கள். கண், காது சோதனை முடிந்துவிட்டதா? எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறானா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏடிஎச்டியும் வாசிப்புச் சிரமமும் சேர்ந்தே வருவது உண்டு. சமூக நல இலாகாவின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு ஏடிஎச்டி பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அடுத்த செக்கப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய பழைய ரிப்போர்ட் கார்டை மாமியார் பத்திரமாக வைத்திருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் ஆவலாகப் படிப்பார்.