ஓராண்டு எம்.எஸ்சி. படித்தால் இங்கிலாந்தில் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடலாமா?

கேள்வி: என் மகள் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. பிசியோதெரபி படித்தால் அங்கேயே மருத்துவமனை வேலை நிச்சயம் என்கிறார் வண்ணார்பேட்டையில் ஓர் ஏஜெண்ட். மொத்தம் 30 லட்சம் ஆகுமாம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் வயலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? – ஒரு தந்தை, சேரன்மகாதேவி

பதில்: ஐயா, வயல் பத்திரம் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும்.

இங்கிலாந்தில் எச்.சி.பி.சி. என்ற பதிவுக் குழுமம் இருக்கிறது. அதில் பெயர் பதியாதவர் தன்னைப் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே அங்கே குற்றம். எனவே எந்தப் படிப்பு என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் படிப்பு பதிவு வாங்கித் தருமா என்று கேட்க வேண்டும்.

அங்கே எம்.எஸ்சி.யில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேறு பட்டம் படித்தவர்களைப் புதிதாகப் பிசியோதெரபிஸ்ட் ஆக்கும் படிப்பு. பெரும்பாலும் இரண்டாண்டு, முடித்தால் பதிவுக்குத் தகுதி கிடைக்கும். ஏற்கெனவே பி.பி.டி. படித்தவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் இதில் சேர்ப்பதில்லை. மற்றொன்று, 'அட்வான்ஸ்டு', 'ஸ்போர்ட்ஸ்', 'மஸ்குலோஸ்கெலிட்டல்' (தசை, எலும்பு சார்ந்தது) என்ற அடைமொழிகளோடு வருவது. ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருப்பவர் அறிவை வளர்த்துக்கொள்ளும் படிப்பு அது. பாடம் தரமாகவே இருக்கும். ஆனால் அதைப் படித்ததற்காக யாரும் பதிவு கொடுப்பதில்லை. ஓராண்டு என்று ஏஜெண்ட் காட்டுவது அநேகமாக இந்த இரண்டாவது வகைதான்.

உங்கள் மகளுக்குப் பதிவு கிடைப்பதாக இருந்தால், அவர் இங்கே படித்த பி.பி.டி.யையும் பார்த்த வேலையையும் வைத்துத்தான் கிடைக்கும். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. சேரன்மகாதேவியில் உட்கார்ந்தே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான வழியில் விண்ணப்பிக்கலாம். இதை ஏஜெண்ட் ஏன் சொல்லவில்லை? உங்கள் மகள் சேர்ந்தால் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தரும். பதிவுக்கு விண்ணப்பித்தால் அவருக்குக் காலணா கிடையாது. அண்ணாச்சி தங்கமான மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பது பல்கலைக்கழகத்தின் விற்பனை மேசையில்.

அடுத்து, "ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு வேண்டாம், ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரிக் கடிதம் போதும்" என்பார். படிப்பில் சேர அது போதலாம். பதிவுக்கு அந்தக் கடிதத்தை நம்பாதீர்கள். அந்தத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாத மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு இப்போதே தயாராகச் சொல்லுங்கள். எழுத்துப் பிரிவில்தான் நம் பிள்ளைகள் பலர் வழுக்குகிறார்கள்.

இன்னொன்று, 'ஷோ மணி'. விசாவுக்குத் தேவையான தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். வட்டி வாங்கிக்கொண்டு அந்தத் தொகையை உங்கள் கணக்கில் போட்டு, பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது போலி என்று தெரிந்தால் விசா போவது ஏஜெண்டுக்கு அல்ல, உங்கள் மகளுக்கு. வங்கிக் கல்விக் கடனைக் காட்டலாம்; அது முறையானது.

படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்கும் விசா இப்போது இரண்டாண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். பதிவு இல்லாமல் அந்தக் காலம் முழுவதும் உதவியாளர் வேலையில் கழிந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். மகள் திரும்பி வந்து பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ கல்லூரி ஆசிரியராக விரும்பினால் கணக்கே மாறிவிடும். இந்தியாவும் இங்கிலாந்தும் ஒன்றின் பட்டங்களை மற்றொன்று அங்கீகரிக்க 2022 ஜூலையில் ஒப்பந்தம் செய்தன. ஓராண்டு முதுநிலைப் பட்டமும் செல்லும் என்று அப்போது செய்தி வந்தது. ஏஜெண்டுகள் அந்தச் செய்தியைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி போன்ற துணை மருத்துவப் படிப்புகள் அந்த ஒப்பந்தத்தில் சேராது என்ற வரி மட்டும் அந்தத் துண்டில் இருக்காது. ஆகவே ஆசிரியர் வேலைதான் நோக்கம் என்றால் இங்கேயே இரண்டாண்டு எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலைப் பட்டம்) படிக்கட்டும். செலவும் குறைவு, கேள்வியும் எழாது. "வெளிநாட்டுப் பட்டம் என்றால் கல்லூரியில் மதிப்பு" என்று உறவினர்கள் சொல்வார்கள். மதிப்பு இருக்கும், நியமன ஆணை வேண்டுமே.

அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வேறு கதை. அமெரிக்காவில் பட்டத்தை மதிப்பிட்டபின் என்.பி.டி.இ. என்ற உரிமத் தேர்வு, ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும். இரண்டிலும் நம் பட்டத்தோடு நேராகத் தேர்வுக்குப் போக வழியுண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி காகித வேலை. எந்த நாடானாலும் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கேட்பார்கள். கல்லூரி முதல்வர் கையெழுத்து ஒரு பக்கம், கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இன்னொரு பக்கம். ஒரு சீல் விடுபட்டால் இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து சென்னைக்குப் போக வேண்டும். பிசியோதெரபி உள்ளிட்ட படிப்புகளுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் வந்ததே 2021இல்தான். அதுவரை "உங்கள் நாட்டுப் பதிவு எண் என்ன" என்று வெளிநாட்டார் கேட்டபோது பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். இந்தத் தாமதத்துக்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை.

மகளின் பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலில் பெயருக்குப் பின்னால் 'எஸ்' என்ற ஒற்றை இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வெளிநாட்டு அலுவலர் தானாகப் புரிந்துகொள்ள மாட்டார். நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் இப்போதே எடுத்து வையுங்கள்.

ஏஜெண்டிடம் போகும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: நீங்கள் சொல்லும் படிப்பு எச்.சி.பி.சி. இணையதளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் உங்கள் கண்முன்னே திறந்து காட்டட்டும். "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இந்த வாரம் முன்பணம் கட்டிவிடுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெரும்பாலான படிப்புகளுக்கு அடுத்த செப்டம்பரிலும் சேர்க்கை உண்டு.