இரண்டு கரண்டிக் கணக்கு

கேள்வி: ஐயா, கந்தப்பளையில் 40 பேர்ச்சில் (கால் ஏக்கர்) கிரனோலா உருளைக்கிழங்கு போட்டு 50 நாள் ஆகிறது. ஒரு வாரமாக மூட்டமும் தூறலும். கடை முதலாளி மென்கோசெப் என்ற பூஞ்சணநாசினியின் 80 வீதத் தூளை டாங்கிக்கு இரண்டு மேசைக்கரண்டி போடச் சொன்னார். பிறகு தராசில் வைத்துப் பார்த்தேன், 24 கிராம் வந்தது. பைக்கற்றிலோ 10 லீற்றருக்கு 20 கிராம் என்று இருக்கிறது. என் டாங்கி 16 லீற்றர். இரண்டு டாங்கி கலந்தேன். இரண்டாவது பாதியானபோது கீழ்ப் பாத்திகளுக்குக் காணாது போலிருந்தது, வெறுந்தண்ணீர் விட்டு நிரப்பி அடித்து முடித்தேன். மறுநாள் அந்தக் கீழ்ப் பாத்திகளில்தான் கருகல். கடைசியில் மருந்தின் செறிவு எவ்வளவு? மருந்து போலியா?

பதில்: தம்பி, கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 16 லீற்றரில் 24 கிராம் என்றால் லீற்றருக்கு 1.5 கிராம். பாதி அடித்த பிறகு மிஞ்சியது 8 லீற்றரும் 12 கிராமும். வெறுந்தண்ணீர் விட்டதும் அதே 12 கிராம் 16 லீற்றருக்குப் பரவிவிட்டது. லீற்றருக்கு 0.75 கிராம். தூளில் மருந்துச் சத்து 80 வீதம்தான், ஆகவே 0.6 கிராம், அதாவது 0.06 வீதம். பைக்கற் சொல்லும் அளவில் இது 0.16 வீதமாக இருக்க வேண்டும். விட்ட 8 லீற்றர் தண்ணீருக்கு 16 கிராம் தூளாவது கூடப் போட்டிருக்கலாம்.

இதுவும் தாளில் வரும் கணக்குத்தான். மென்கோசெப் சீனி மாதிரி தண்ணீரில் கரையாது. தொங்கலாக நிற்கும், டாங்கியைக் குலுக்காமல் ஒரு பீடி குடிக்கிற நேரம் வைத்தால் அடியில் படிந்துவிடும். அதற்கு மேல், மூட்டத்தில் இலையில் நின்ற தண்ணீரும் மருந்தை இன்னும் ஐதாக்கும்.

ஆனால் நேற்றைய டாங்கி இன்றைய கருகலுக்குக் காரணமில்லை. இந்தக் கருகலைத் தரும் பின்வெளிறல் நோய் இலைக்குள் இறங்கி நாலைந்து நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். மென்கோசெப் இலைக்கு மேலே நின்று காவல் காக்கும், உள்ளே போனதைத் துரத்தாது. தூறல் தொடங்குமுன் அடித்திருக்க வேண்டிய மருந்து அது. கீழ்ப் பாத்தியில் ஈரம் காயப் பிந்தும், அங்கேதான் முதலில் பிடிக்கும். போலி மருந்து என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: 40 பேர்ச்சுக்கு எத்தனை லீற்றர் வேண்டும்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. டாங்கியில் 5 லீற்றர் வெறுந்தண்ணீர் விடுங்கள். ஒரு பேர்ச்சை அளந்து கயிறு கட்டுங்கள். வழக்கமாக நடக்கிற நடையில், இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். மிச்சத் தண்ணீரை அளந்து கழியுங்கள். 1.2 லீற்றர் போனதென்று வைத்தால் 40 பேர்ச்சுக்கு 48 லீற்றர், மூன்று முழு டாங்கி, டாங்கிக்கு 32 கிராமாக 96 கிராம். நீங்கள் போட்டது 48. சரிபாதி! செடி வளர்ந்தால் தண்ணீரும் கூடும், அதனால் மூன்று வாரத்துக்கு ஒருதரம் திரும்ப அளக்க வேண்டும். நொசில் தேய்ந்தாலும் மாறும். பத்து நிமிட வேலை. எங்கள் ஆட்களில் நூற்றுக்கு ஒருவர் செய்வதை நான் கண்டதில்லை.

கரண்டிக் கணக்கு சொல்கிற முதலாளிக்கு உங்கள் டாங்கி 10 லீற்றரா 16 லீற்றரா என்று கேட்கத் தோன்றவில்லை. கருகல் வந்ததும் அவரிடமே போவீர்கள், அவர் "இதைவிடப் பவரானது" என்று வேறொன்றை எடுத்து வைப்பார், கூடவே இலைப் பசளையும் பூச்சிநாசினியும் ஒரே டாங்கியில் கலக்கச் சொல்வார். வாங்காதீர்கள். அந்தக் காசுக்குச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். குவித்த கரண்டியும் வழித்த கரண்டியும் ஒன்றல்ல.

இப்போது கருகிய இலைகளைப் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள். கீழ்ப் பாத்தியில் ஓர் இலையைக் கையோடு விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய், இலைக்குள் இறங்கும் மருந்து தேவையா என்று கேளுங்கள். காட்டும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள், வெள்ளைப் பூஞ்சணம் அங்கேதான் இருக்கும்.