பவளப்பாரில் ஃபிளை தூண்டில்: சிக்கனமாகத் தொடங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

ஃபிளை தூண்டிலில் இரைக்கு எடை மிகக் குறைவு. மயிரும் இறகும் கொண்டு முள்ளில் கட்டிய பொய் இரையை, அதாவது ஃபிளையை, கனமான லைனின் எடையே சுமந்து செல்கிறது. இம்முறையைப் பவளப்பார்களில் அதிகச் செலவின்றித் தொடங்க விரும்புவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோல், ரீல், லைன் மூன்றையும் தரமாக வாங்க வசதி இல்லை. எதில் செலவைக் குறைக்கலாம்?

பதில்: எதில் குறைத்தாலும் லைனில் குறைக்காதீர்கள். புதியவர்கள் பலர் பணத்தை ரீலில் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கிடைத்த லைனைச் சுற்றிக்கொண்டு கடலுக்கு வந்துவிடுகிறார்கள். குளிர்நீருக்கென்று செய்த லைன் வெப்பக் கடலின் வெயிலில் துவண்டு, பிசுபிசுத்து, கோலின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த கோல் இருந்தும் பயனில்லை. ஆகவே, விறைப்பான உள்நூல் கொண்ட, முன்பகுதி கனத்த, மிதக்கும் 8 எண் (எண் கூடக் கூட லைன் கனமாகும்) லைன் ஒன்றை நல்லதாகவே வாங்குங்கள். கோல் 9 அடி நீளமும் அதே 8 எண்ணும் உடையதாக இருந்தால் போதும். பயன்படுத்திய கோலாக இருந்தாலும் குறையில்லை. வளையங்களில் துருவோ கீறலோ இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ரீலில் உப்புநீர் புகாதபடி மூடிய டிராக்கும் (மீன் இழுக்கும்போது ரீலைத் தடுக்கும் பிரேக்), லைனுக்குப் பின்னால் சுற்றும், 20 பவுண்டு இழுவை தாங்கும் பேக்கிங் நூல் 150 கஜமாவது கொள்ளும் இடமும் இருக்க வேண்டும். மற்ற அலங்காரங்கள் தேவையில்லை.

லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நூலான லீடரைக் கடையில் வாங்க வேண்டியதே இல்லை. 40 பவுண்டு நைலான் நான்கரை அடி, 30 பவுண்டு இரண்டரை அடி, 20 பவுண்டு இரண்டு அடி என மூன்று துண்டுகளை, இரு நூல்களைச் சேர்த்துக் கட்டும் பிளட் முடிச்சால் இணைத்தால் 9 அடி லீடர் தயார். முடிச்சை இறுக்கும் முன் நாக்கில் வைத்து நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நைலான் உரசிச் சூடேறினால் அந்த இடத்திலேயே பலம் குன்றிவிடும்.

கேள்வி: ஏரி மீனுக்கு வைத்திருக்கும் 5 எண் கோலையே பயன்படுத்தலாமா?

பதில்: காற்றில்லாத காலையில் சிறு மீன்களுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பாரை மீன் ஒன்று கடித்துவிட்டுப் பவளத்தை நோக்கிப் பாய்ந்தால், அந்தக் கோலால் அதன் தலையைத் திருப்ப முடியாது.

கேள்வி: எத்தனை வகை ஃபிளை வேண்டும்? கடையில் விலை அதிகமாக இருக்கிறதே?

பதில்: ஒரே வகை போதும் என்பேன்: கிளவுசர் மின்னோ. பாப் கிளவுசர் என்பவர் 1980-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நன்னீர் பாஸ் மீனுக்காக உருவாக்கியது இது. இன்று கடலிலும் அதே அளவுக்குப் பயன்படுகிறது. முள்ளின் தண்டின் மேல் டம்பெல் வடிவ உலோகக் கண்களைக் கட்டுவதால், தண்ணீரில் ஃபிளை தலைகீழாகத் திரும்பி முள்முனை மேல்நோக்கி நிற்கும். பாரின் மேல் இழுக்கும்போது மற்றவற்றைவிடக் குறைவாகவே சிக்கும் என்பதால், இழப்பும் செலவும் குறையும். வெள்ளை, பழுப்பு என இரு நிறங்களில், 2 மற்றும் 1/0 அளவு முட்களில் நீங்களே கட்டிக்கொள்ளலாம். கண்களுக்கு ஈயத்தைத் தவிர்த்துப் பித்தளையை வாங்குங்கள்; இழந்தவை கடலிலேயே கிடக்கும் அல்லவா? முள்முனைக்கு அருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனை விடுவிப்பதும் எளிது, கையில் குத்தினால் எடுப்பதும் எளிது.

கேள்வி: எந்த நேரத்தில், எங்கே நின்று வீச வேண்டும்?

பதில்: படகுக்குப் பணம் இல்லாதவருக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி. வற்றத்தில் (கடல்நீர் இறங்கியிருக்கும் நேரத்தில்) வெளிப்பட்ட பார்த்தளத்தின் மேல் வெள்ளம் (ஏறிவரும் கடல்நீர்) ஏறத் தொடங்கும்போது, பள்ளத்தில் காத்திருந்த மீன்கள் நண்டும் இறாலும் தேடி ஆழமற்ற நீருக்கு வருகின்றன. அவை வரும் வழி பெரும்பாலும் பவளப்பாரை அறுத்துச் செல்லும் மணல் வாய்க்கால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றவற்றம் பெரிதாக இருப்பதால் நீரோட்டமும் வலுவாக இருக்கும். முதல் முறை போகும்போது கோலை எடுக்காமல், முழு வற்றத்தில் வாய்க்கால்களை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தூண்டில் பொருளும் தராத பலனை அந்த ஒரு மணி நேரம் தரும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி வழியாக மீனைத் தேடாமல் நகரும் நிழலைத் தேடுங்கள். திரும்பும் வழியில் இடுப்பளவு ஆழமாகக்கூடிய வாய்க்கால் இருந்தால், வெள்ளம் அதை நிரப்பும் முன்பே கரையேறிவிட வேண்டும்.

கேள்வி: மீன் கடிப்பது தெரிகிறது, ஆனால் கோலைத் தூக்கியதும் தவறிவிடுகிறது. ஏன்?

பதில்: தூக்குவதுதான் காரணம். கோலின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தியே வைத்துக்கொண்டு, கடி உணர்ந்ததும் லைனை இடது கையால் நீளமாக, உறுதியாக இழுங்கள். முள் பதியாவிட்டாலும் ஃபிளை மீனின் முன்னாலேயே இருப்பதால் அது மறுபடியும் பாய வாய்ப்புண்டு. கோலைத் தூக்கினாலோ ஃபிளை நீரைவிட்டே போய்விடும்.

கேள்வி: பாரில் நடப்பது ஆபத்தா?

பதில்: உங்களுக்கும் ஆபத்து, பாருக்கும் ஆபத்து. கிளைப் பவளமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் சுமார் 10 சென்டிமீட்டர் வரைதான் வளர்கிறது. பாறைபோல் திரண்ட பவளம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அப்படி வளர்ந்ததை ஒரு காலடி நொறுக்கிவிடும். ஆகவே மணலிலும் செத்த பவளச் சல்லியிலும் மட்டுமே கால் வையுங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில் கரையிலிருந்தே வீசுங்கள், மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிவிடும். கல்போல் அசையாமல் கிடக்கும், நச்சு முள் கொண்ட கல்மீன் விலகாது, அதற்குத் தடித்த அடியுள்ள காலணிதான் காப்பு. அதன் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில் காலை அமிழ்த்தி வலியைக் குறைத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கூம்புச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். சில இனங்களின் நஞ்சு உயிரைக் குடிக்கும்.

கேள்வி: பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

பதில்: மீன்பிடிக்க அனுமதியுள்ள பகுதியில், அளவு விதிக்கு உட்பட்ட சிறு மீன் ஒன்றை எடுத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய களவா, பெரிய பாரை, பெரிய ஷீலா போன்ற வேட்டை மீன்களில் சிகுவாட்டரா நஞ்சு சேர்ந்திருக்கலாம். பாரில் வாழும் நுண்பாசியில் தோன்றி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிவரும் இந்த நஞ்சு சமைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. மீனின் மணத்திலோ சுவையிலோ தெரியவும் தெரியாது. அந்தப் பகுதியில் எந்த மீனை உண்பதில்லை என்று உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் சமையலுக்கு எடுங்கள்.