வீட்டில் எடுத்த தூக்கப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டது, ஆனால் குறட்டையும் பகல் தூக்கமும் குறையவில்லை. கிளினிக்கில் ஒரு ராத்திரி படுத்து மறுபடி எடுக்க வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். வீட்டுக் கருவி தூக்கத்தில் மூச்சடைப்பு (ஸ்லீப் அப்னியா) இருக்கிறது என்று காட்டினால் நம்பலாம். இல்லை என்று காட்டினால், உங்களைப் போல் அறிகுறி இருப்பவர்கள் அதோடு விட்டுவிடக் கூடாது.

சிக்கல் கணக்கில்தான். தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதே ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே நார்மல். 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வீட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் மூளை அலையைப் பதிய வயர் இல்லை. நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்று தெரியாததால், கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுக்கும். 35 தடவை மூச்சு தடைபட்டு, கருவி 8 மணி நேரம் ஓடியிருந்தால் விடை 4.4, நார்மல். தூங்கியது 5 மணி நேரம்தான் என்றால் அதுவே 7. ஆக்சிஜன் பெரிதாக இறங்காமல் மூளை மட்டும் சட்டென்று விழித்துக்கொள்ளும் தடைகளும் இதில் பதிவாகாது. பருமன் இல்லாதவர்கள் பலருக்கு இந்த வகைதான்.

கிளினிக்கில் தலை, கண்ணோரம், தாடை, மார்பு, கால் எல்லாவற்றிலும் சென்சார் ஒட்டுவார்கள். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். ஷாம்பு போட்டுக் குளித்துக் காயவைத்துப் போங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் நடுராத்திரியில் சென்சார் கழன்றுவிடும். ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை விரலில் மாட்டுவார்கள், அதனால் நகப்பூச்சை ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், பகல் தூக்கமும் வேண்டாம். வழக்கமான மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மொத்த ஏ.எச்.ஐ.யோடு நின்றுவிடாமல் இரண்டைத் தேடுங்கள்: மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, கனவுத் தூக்கத்தில் (ரிப்போர்ட்டில் REM) எவ்வளவு. மல்லாந்தால் நாக்கு பின்னால் சரியும்; கனவுத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளரும். ராத்திரி முழுக்க ஒருக்களித்தே படுத்திருந்தால் எண் குறைவாக வருவதில் வியப்பில்லை. கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், அதனால் 3 மணிக்கே வயரைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

சிபாப் மெஷின் (மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுக்குழாய் அடைபடாமல் வைப்பது) எழுதித் தந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பலர் முதல் இரண்டு வாரத்தில் கைவிடுவதற்குக் காரணம் மாஸ்க்தான். காற்று ஒழுகுகிறது என்று வாரை இறுக்குவார்கள். குஷன் நசுங்கி இன்னும் ஒழுகும். படுத்த நிலையில், மெஷின் ஓடும்போதே மாட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். காலையில் வாய் வறண்டிருந்தால் வாய் வழியே காற்று போகிறது என்று பொருள். முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள். ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் உப்புப் படியும்.

கிளினிக் பரிசோதனையும் நார்மல் என்றால் அடுத்து நார்கோலெப்சியை, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நரம்புக் கோளாறை, பார்க்க வேண்டும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 4 அல்லது 5 தடவை படுக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறீர்கள் என்று அளப்பார்கள். முந்தின ராத்திரிப் பதிவு இல்லாமல் இந்தச் சோதனை செல்லாது, அதனால் தேதி வாங்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.