முன்னுக்கு நின்றவர்தான் வெல்வாரா?

கேள்வி: போல் பொசிஷனில், அதாவது புறப்படும் வரிசையின் முதலிடத்தில் நின்ற கார்தான் கடைசிவரை முன்னுக்கு ஓடி வென்றதாம். அப்படியென்றால் பந்தயம் எதற்கு ஐயா?
– வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, 2024 மொனாக்கோ ஃபோர்முலா வன் கார்ப் பந்தயத்தைப் பார்த்திருக்கிறீர் போல. அன்று வென்ற சார்ள்ஸ் லெக்லேர் மட்டுமா, முதல் பத்துப் பேருமே புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள். ஃபோர்முலா வன்னில் அதுதான் முதல் தடவை. வீதி அப்படி ஒடுக்கம். குளக்கட்டில் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளோடு மாட்டுப்பட்டவருக்கு விளக்கத் தேவையில்லை.

அன்று முதல் சுற்றிலேயே விபத்து, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். நின்ற நேரத்தில் முன்னணிக்காரர் ரயர் மாற்றிவிட்டார்கள். (கராச்சில் கிடந்த ஆள் நான், ரயர் என்றால் கதை நீளும்.) மிச்சம் எழுபதுக்கு மேற்பட்ட சுற்றும் அதே ரயரில்தான். அது தேயாதபடி லெக்லேர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார், பின்னால் வந்தவர்களுக்கு முந்த இடமில்லை. உண்மையான போட்டி, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றிலேயே முடிந்துவிட்டது என்பேன்.

ஆனால் போல் கிடைத்தால் வெற்றி என்றும் இல்லை. 2021இல் அதே மொனாக்கோவில் லெக்லேர் போல் எடுத்தார். கார் பழுதாகிப் புறப்படவே இல்லை. 2022இல் மறுபடியும் போல். மழையில் ரயர் மாற்றும் கணக்குப் பிழைத்து நாலாவதாக வந்தார்.